கன உலோகமும் வேதாந்தமும்: சிங்கப்பூர் ‘ருத்ரா’ குழுவின் முப்பது ஆண்டுகள்

கலை இலக்கியத் திங்களிதழ் ஒன்றிலே மேலைத்தேய இரைச்சலிசை பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயின் எமது வடமராட்சிப் பகுதியிலே உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவரிற் சிலர் காதிலே கருவியைச் செருகிக்கொண்டு கேட்கும் இசை எதுவென்று அதே ஆசிரியர்கள் என்றாவது கேட்டறிந்ததுண்டா? ‘ஹெவி மெற்றல்’ எனப்படும் கன உலோக இசையும் அதில் உண்டு. அதனை ஆசிரியர்கள் ஏகாதிபத்தியச் சீரழிவின் கூச்சல் என்று ஒதுக்குகின்றனர். மாணவர்களோ அது வெறும் ஒலி, அதிலே அரசியலும் இல்லை, சமுதாயமும் இல்லை என்கின்றனர். இரு சாராரும் ஒன்றில் ஒத்துப்போகின்றனர்: ஆராய்வதற்கு அங்கு எதுவுமில்லை என்பதே அது. இவ்விரு முடிவுகளும் பிழையானவை என்பது எமது கருத்து.

எந்தக் கலையை நோக்கினும் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இது எவருடைய வாழ்விலிருந்து பிறந்தது? எவரை நோக்கிப் பேசுகிறது? பேசும்போது எதனைப் பேசாமல் விடுகிறது? இவ்வினாக்களை முன்வைத்து, தமிழ் வம்சாவளியினரை நடுநாயகமாகக் கொண்டு 1992இல் சிங்கப்பூரிலே தோன்றி, 30 ஆண்டுகளுக்கு மேலாக இயங்கிவந்துள்ள ‘ருத்ரா’ என்னும் கன உலோக இசைக்குழுவின் வளர்ச்சியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இவ்விசையின் பிறப்பைக் காண்போம். கன உலோகம் என்ற பெயர் எவ்வாறு வந்தது என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயின் அது உண்மையான உலோகத்தின் அருகிலேயே பிறந்தது என்பதில் ஐயமில்லை. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரம் வார்ப்பாலைகளும் தகட்டாலைகளும் நிறைந்த தொழிலாளர் நகரம். அதன் அஸ்ரன் பகுதியிலே 1968இல் நான்கு தொழிலாளர் வீட்டு இளைஞர்கள் கூடி அமைத்த குழுவே பின்னர் ‘பிளாக் சபத்’ எனப் பெயர் பெற்றது. அதன் கிற்றார் கலைஞர் ரோனி அயோமி, பதினேழாம் வயதில் தகட்டாலை ஒன்றிலே தாம் வேலை செய்யவிருந்த கடைசி நாளன்று, இயந்திரத்திலே வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரற்குப்பிகள் செய்து மாட்டிக்கொண்டு மீண்டும் வாசிக்கப் பழகினார். துண்டிக்கப்பட்ட விரல்களுக்கு இறுகிய தந்திகள் வலி தந்தன. எனவே மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். தாழ்ந்த சுருதியிலிருந்து எழுந்த அந்தக் கனத்த, இருண்ட ஒலியே இவ்விசை வகைக்கு இலக்கணமாயிற்று.

கலையின் உருவம் வானத்திலிருந்து இறங்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. ஆலை இயந்திரம் தொழிலாளியின் விரலை வெட்டியது. வெட்டுண்ட விரல் புதியதோர் ஒலியைக் கண்டது. 1970இல் வெளிவந்த அவர்களது இரண்டாவது இசைத்தட்டின் முதற்பாடல், போரை நடத்துவோர் பாதுகாப்பாக இருக்க ஏழைகள் களத்திலே மடிவதைச் சாடியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பேயும் பிசாசும் பேசிய குழு என்று பெயரெடுத்தவர்கள், தமது காலத்துப் பேய் எதுவென்பதை அறிந்தே இருந்தனர். அக்குழுவின் பாடகர் ஒஸ்ஸி ஒஸ்போர்ன் இசைக்கு வருமுன் இறைச்சித் தொட்டியிலே வேலை செய்தவர். 2025 யூலை 5இல் தமது பழைய பகுதியிலேயே இறுதிக் கச்சேரி செய்து, அதே மாதம் 22ஆம் நாள் அவர் காலமானபோது பேர்மிங்ஹாம் மக்கள் தெருவிலே திரண்டனர். கூச்சல் என்று நாம் ஒதுக்கியது ஒரு நகரத் தொழிலாளரின் குரலாய் இருந்தது.

இவ்விசை உலகெங்கும் பரவியபோது இரு வழிகளில் வேர்கொண்டது. ஒன்று, ஆங்கில மூலத்தை அப்படியே பின்பற்றுவது. மற்றையது, வந்த உருவத்தை வாங்கித் தன் மண்ணின் துயரத்தால் நிரப்புவது. இரண்டாம் வழிக்குப் பிரேசில் நாட்டின் ‘செப்புல்துரா’ குழு சிறந்த எடுத்துக்காட்டு. 1984இல் தோன்றிய அக்குழு முதலில் ஐரோப்பியரைப் போலச் சாத்தானைப் பாடிக்கொண்டிருந்தது. பின்னர் 1992இல் சாவோ பாவுலோவின் கரந்திரு சிறையில் கைதிகள் கொன்று குவிக்கப்பட்டதை 1993இல் பாடியது. 1995இல் ஷவாந்தே ஆதிக்குடிகளின் ஊருக்கே சென்று அவர்களோடு பாடி ஒலிப்பதிவு செய்தது. பிறர் தேசத்துச் சாத்தானை விட்டுத் தன் தேசத்துச் சிறைக்கூடத்துக்கு வந்து சேர்ந்த பயணம் அது. ஒரு குழுவின் பரிணாமம் என்று நாம் கூறுவது இத்தகைய பயணத்தையே.

எமது குடாநாட்டிலே இவ்விசை ஏன் தோன்றவில்லை? பண்பாட்டுத் தூய்மை என்று சிலர் பெருமையாகக் கூறுவர். உண்மைக் காரணம் அதனினும் எளியது. இவ்விசைக்கு மின்சாரம் வேண்டும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பல ஆண்டுகள் மின்விநியோகம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையினால் மின்கலங்களும் வரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவிலிருந்து எடுத்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எம்முடையது. சிங்கப்பூரிலே ‘ருத்ரா’ தன் ஒலிபெருக்கிகளை முதன்முதலில் முடுக்கிய 1992இல் வல்வெட்டித்துறையிலே இரவு முழுவதும் குப்பி விளக்கே எரிந்தது. போதாக்குறைக்குப் பேரொலி என்பது இங்கு விடுதலையின் அடையாளமாக இருக்கவில்லை. எறிகணையினதும் குண்டுவீச்சு விமானத்தினதும் அடையாளமாக இருந்தது. எமது மூத்தோர் உரத்த ஒலியை வெறுப்பார்களாயின் அதை வெறும் பழைமைவாதம் என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. தென்னிலங்கையில் ‘ஸ்ரிக்மாற்றா’ போன்ற குழுக்கள் ஆங்கிலத்திலே இவ்விசையை வளர்த்த காலத்தில், வடபுலம் வேறோர் உலோகத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இனி ‘ருத்ரா’வுக்கு வருவோம். சிங்கப்பூருக்கும் எமக்கும் உள்ள உறவு புதியதன்று. மலாயாவின் புகையிரதத் திணைக்களத்தையும் அரசாங்கக் கந்தோர்களையும் நிரப்பிய எழுதுவினைஞர்களிற் கணிசமானோர் யாழ்ப்பாணத்தவர். சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சர் சி. இராசரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையிலே பிறந்தவர். ஆயின் அந்நகரின் தமிழரிற் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து துறைமுகத்துக்கும் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் சென்ற கூலித் தொழிலாளரின் வழிவந்தவர்கள். அங்கு தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. எனினும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களிலே வீட்டுமொழியாக ஆங்கிலம் ஆண்டுக்காண்டு பெருகிவருகிறது. மக்கட்டொகையில் நூற்றுக்கு ஒன்பது பேரளவினரான சிறுபான்மையினர், வளமான நகரமொன்றிலே தாம் யார் என்று தேடும் நிலை. இந்த நிலையிலிருந்தே ‘ருத்ரா’ பிறந்தது.

பாடகரும் அடித்தந்திக் கலைஞருமான கதிர், மேளக் கலைஞர் சிவா ஆகிய இருவருமே தொடக்கம் முதல் குழுவின் தூண்கள். கிற்றார் கலைஞர்கள் காலத்துக்குக் காலம் மாறினர். 1996இல் குழு கலைந்தது. 1997இல் மீண்டும் கூடியது. 1998இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. 2001இல் ‘ஆரியன் குரூசேட்’, 2003இல் ‘குருக்ஷேத்ரா’ என்பன தொடர்ந்தன. பின்னர் ‘பிரம்மவித்யா’ என்னும் முத்தொகுதி 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளியாயிற்று. 2013இல் ‘ரித’, 2016இல் ‘எனிமி ஒஃப் டுவாலிற்றி’, அதாவது ‘இருமையின் பகைவன்’, 2022இல் ‘எயிற் மகாவித்யாஸ்’ என்பன வந்தன. தமது இசைக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘வேத மெற்றல்’. பாடல்களின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக இசை ஆய்வாளர் யூஜீன் தைரியநாதன் 2009இல் இவ்விசையைச் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு பொருத்தி ஆராய்ந்தார் என்பதிலிருந்தே, இது வெறும் பொழுதுபோக்காகக் கருதத்தக்கதன்று என்பது தெளிவாகும்.

குறை கூறுமுன் நிறையைக் கூறுவது விமர்சன தர்மம். ‘ருத்ரா’வின் சாதனைகள் இரண்டு. முதலாவது, அக்குழு இரவற் சாத்தானை ஏற்க மறுத்தது. 1990களின் தொடக்கத்தில் கன உலோக இசையின் தீவிரக் கிளைகள் கிறித்தவ மதத்தை எதிர்க்கும் ஐரோப்பியக் கோபத்தால் நிறைந்திருந்தன. நோர்வே நாட்டு இளைஞனுக்கு அக்கோபம் தன் ஊர்த் தேவாலயத்தோடு தொடர்புடையது. சிங்கப்பூர்த் தமிழனுக்கு அது வேடம். அவ்வேடத்தைப் புனையாது, தன் பாட்டன் வீட்டிலிருந்த தெய்வப் பெயரைத் தேடிச்சென்றது ‘ருத்ரா’. வேதத்து உருத்திரன் புயலின் தெய்வம். பேரொலிக்கு அதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

இரண்டாவது சாதனை உருவத்தில் ஏற்பட்ட முதிர்ச்சி. முதல் தொகுப்புகளிலே மேலைத்தேய இசையின்மேல் கீழைத்தேயச் சொற்கள் ஒட்டப்பட்டிருந்தன. இசை தன் வழியிற் சென்றது, மந்திரம் தன் வழியிற் சென்றது. ‘பிரம்மவித்யா’ முத்தொகுதியிலோ மந்திரம் ஓதும் சந்தமே மேளத்தின் சந்தத்தை நிர்ணயிக்கத் தொடங்குகிறது. தென்னிந்திய இசையின் சாயல்கள் அலங்காரமாக நில்லாது அமைப்பினுள்ளே புகுகின்றன. உறுமும் தொண்டையும் ஓதும் தொண்டையும் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. கதிர் வேதாந்தத்தை முறையாகக் கற்றவர் என்பதும் அப்பாடல்களிலே தெரிகிறது. புராணப் பெயர்களைப் பட்டியலிடுவதிலிருந்து ஒரு தத்துவத்தை வாதமாக முன்வைப்பது வரை அவர்கள் வளர்ந்துள்ளனர். முப்பது ஆண்டுகள் ஒரே பொருளைத் துருவித் துருவி ஆழமாக்கிய உழைப்பு மதிப்புக்குரியது. சந்தைக்காக ஆண்டுதோறும் சட்டையை மாற்றும் குழுக்களின் மத்தியிலே இது சிறிய விடயமன்று.

ஆயின் ஆழம் என்பது எத்திசையில் என்ற வினா எழுகிறது. செப்புல்துரா சாத்தானிலிருந்து சிறைக்கூடத்துக்கு வந்தது. ‘ருத்ரா’ புராணத்திலிருந்து பிரம்மத்துக்குச் சென்றது. முன்னது கீழ்நோக்கி மக்களிடம் இறங்கிய பயணம். பின்னது மேல்நோக்கி, மனிதர் எவருமற்ற ஓர் உயரத்துக்கு ஏறிய பயணம். இதனை மூன்று இடங்களில் நிறுத்திப் பரிசீலிப்போம்.

முதலாவது இடம் 2001ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பு. ‘ஆரிய’ என்னும் சொல் சமஸ்கிருதத்திலே மேலோன், சான்றோன் என்ற பொருளில் வழங்கியது உண்மை. எமது யாழ்ப்பாண மன்னர்களே ஆரியச்சக்கரவர்த்திகள் எனப் பெயர் பூண்டிருந்தனர். எனவே அச்சொல்லைக் கண்ட மாத்திரத்தே துள்ளிக் குதிப்பது சரித்திர அறிவாகாது. ஆயினும் சொற்கள் அகராதியில் மட்டும் வாழ்வதில்லை. இருபதாம் நூற்றாண்டிலே அச்சொல்லின் பெயரால் ஐரோப்பாவில் யூத மக்கள் கோடிக்கணக்கில் அழிக்கப்பட முனையப்பட்டு, அறுபது இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். தமிழகத்திலே அச்சொல்லைச் சுற்றிச் சாதி எதிர்ப்பின் அரசியலே கட்டப்பட்டது. அதனோடு ‘சிலுவைப்போர்’ என்னும் இன்னொரு குருதி தோய்ந்த சொல்லையும் சேர்த்துவிட்டு, நாம் அகராதிப் பொருளையே கருதினோம் என்று கலைஞன் கூறுவது போதாது. கூலித் தொழிலாளரின் பேரன் தன் பழம்பெருமையைத் தேடும்போது பாட்டனின் மொழியை விட்டு, பாட்டனைக் கோயில் வாசலில் நிறுத்திய மொழியைத் தேர்ந்தது ஏன்? இதனைத் தனிமனிதரின் குற்றமாக நாம் காணவில்லை. சிறுபான்மைச் சமூகமொன்று பெரும்பான்மையோர் முன் மதிப்புப் பெற விழையும்போது, உழைப்பாளியின் பண்பாட்டை மறைத்து உயர்குலத்தின் பண்பாட்டைச் சூடிக்கொள்வது உலகெங்கும் காணும் போக்கு. ஆயின் ஒரு போக்கு பரவலாக இருப்பது அதை ஏற்பதற்குக் காரணமாகாது.

இரண்டாவது இடம் ‘குருக்ஷேத்ரா’. பாரதப் போரையும் கீதையின் களத்தையும் மையமாகக் கொண்ட இத்தொகுப்பு 2003இல் வந்தது. வேதாந்திகளின் வழக்கப்படி அக்களம் மனிதனின் அகத்திலே நடக்கும் போராட்டத்துக்கு உருவகம். உருவகமாகக் கொள்வதில் தவறில்லை. ஆயின் அதனை எவ்வூரில் இருந்து கேட்கிறோம் என்பதும் பொருளை மாற்றுகிறது. 1989 ஆகஸ்ட் 2ஆம் நாள் தொடங்கி வல்வெட்டித்துறையிலே இந்திய அமைதிப் படையினரால் அறுபதுக்கும் மேற்பட்ட குடிமக்கள் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. பின்னர் 2009 வரை நடந்த போரிலே கொல்லப்பட்டோரின் கணக்கை இன்றுவரை எவரும் ஒழுங்காக எடுத்து முடிக்கவில்லை. போர் வேறெதற்கும் உருவகமாக இல்லாது போராகவே இருந்த ஊர் இது. ஆன்மா கொல்லுவதுமில்லை, கொல்லப்படுவதுமில்லை என்னும் போதனை, பிள்ளையை இழந்த தாய்க்கு ஆறுதலாகுமோ என்னவோ, கொன்றவனுக்கு நிச்சயமாக ஆறுதலாகிறது. போரைத் தத்துவமாக்கும் கலை, போரிலே செத்தவனை மறக்கக் கற்பிக்கிறது. பேர்மிங்ஹாமின் தொழிலாளர்கள் 1970இல் கண்ட உண்மை, போர் எவருக்கோ இலாபம் என்னும் உண்மை, 33 ஆண்டுகளின் பின் சிங்கப்பூரில் உள்மனப் போராட்டமாக ஆவியாகிவிட்டது.

மூன்றாவது இடம் ஒலியும் ஒழுங்கும் பற்றியது. சிங்கப்பூரின் தைப்பூச ஊர்வலம் தமிழ்த் தொழிலாளரின் மாபெரும் விழா. அவ்வூர்வலப் பாதையிலே இசைக்கருவிகள் முழக்குவதற்கு 1973இல் தடை விதிக்கப்பட்டது. 2016இல்தான் குறிப்பிட்ட சில இடங்களிலே நேரடி இசைக்கு இடமளிக்கப்பட்டு, பின்னர் தளர்வு சிறிது விரிந்தது. அதாவது ‘ருத்ரா’வின் மேளம் அரங்கினுள்ளே இடியென முழங்கிய ஆண்டுகளில், தெருவிலே காவடிக்காரனின் மேளம் சட்டத்தால் அடக்கப்பட்டிருந்தது. தமிழனின் பேரொலிக்கு அந்நகரில் சரித்திரம் ஒன்று இருக்கிறது; அடக்குமுறையின் சரித்திரம். உரத்த இசை இசைக்கும் தமிழ்க் குழுவுக்கு இதனைவிடக் கூர்மையான பொருள் வேறு உண்டா? ஆயின் அக்குழுவின் கவனம் அப்பக்கம் குவியவில்லை.

2013இல் ‘ரித’ என்னும் தொகுப்பு வெளிவந்தது. ரிதம் என்பது வேதத்திலே பிரபஞ்ச ஒழுங்கைக் குறிக்கும். அதே ஆண்டு டிசெம்பர் 8ஆம் நாள் சிங்கப்பூரின் ‘லிற்றில் இந்தியா’ பகுதியிலே தமிழகத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவர் பஸ் வண்டியில் அகப்பட்டு உயிரிழந்தார். ஞாயிறு விடுமுறைக்குக் கூடியிருந்த தொழிலாளர் கொதித்தெழுந்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நகர் காணாத கலவரம் அது. சிலர் சிறை சென்றனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். தொகுப்பைக் கலவரத்தோடு முடிச்சிடுவது எமது நோக்கமன்று. முன்னது பின்னதை அறிந்து எழுதப்பட்டதுமன்று. எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு வினா தவிர்க்கவியலாது எழுகிறது. பிரபஞ்ச ஒழுங்கைப் பாடுவோர், வானளாவும் மாடங்களைக் கட்டி இரவிலே நெருக்கமான விடுதிகளில் துயிலும் சக தமிழனின் வாழ்விலே காணும் ஒழுங்கை என்னவென்று பெயரிடுவர்?

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். கலைஞனிடம் கோஷம் கேட்கிறீர்கள், வேதாந்தியை ஊர்வலத்துக்கு அழைக்கிறீர்கள், எல்லாக் கலையும் துண்டுப்பிரசுரமாக வேண்டுமா என்று சில நண்பர்கள் கேட்பர். இல்லை. முற்போக்கு விமர்சனத்தின் பெயரால் முன்னர் அத்தகைய கெடுபிடிகள் நடந்ததுண்டு. அவற்றால் இலக்கியமும் வளரவில்லை, இயக்கமும் வளரவில்லை. ‘ருத்ரா’ தன் தத்துவத்தைக் கைவிட வேண்டுமென்று நாம் கோரவில்லை. தன் தத்துவத்தை அதன் முடிவு வரை கொண்டுசெல்லவில்லை என்றே கூறுகிறோம்.

அத்துவைதம் கூறுவது யாது? இரண்டு என்று ஒன்றில்லை, எல்லாம் ஒன்றே. அவ்வாறாயின் தீண்டத்தக்கவன், தீண்டத்தகாதவன் என்ற இருமை எங்ஙனம் நிற்கும்? இவ்வினாவை எமது மரபிலேயே கேட்டவர்கள் உண்டு. சித்தர்களுள் சிவவாக்கியர் உள்ளே உறையும் ஒன்றைக் கண்டவர். கண்டதனாலேயே சாதியையும் சடங்கையும் சாடியவர். கேரளத்து நாராயண குரு அத்துவைதி. ஈழவ குலத்திலே பிறந்த அவர் 1888இல் அருவிப்புறத்திலே தம் கையாலேயே சிவனைப் பிரதிட்டை செய்து, பிரதிட்டை உரிமை பிராமணருக்கே உரியது என்ற விதியை உடைத்தார். ஒருமை என்பது அவருக்கு மலையுச்சியில் கண்மூடி அனுபவிக்கும் சுகமாக இருக்கவில்லை. கோயிற் கதவைத் திறக்கும் திறவுகோலாக இருந்தது. எமது குடாநாட்டிலே 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கெதிராக ஊர்வலம் புறப்பட்டபோதும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டு நின்றபோதும், இருமையின் உண்மையான பகைவர் யாராக இருந்தனர்? வேதாந்தம் படித்த பெரியோர் பலர் கதவின் உட்புறத்திலே நின்றனர். வேதாந்தம் படியாத கூலியாளன் வெளியே நின்று, மனிதர் எல்லோரும் ஒன்று என்றான்.

‘இருமையின் பகைவன்’ என்று 2016இல் தன்னை அழைத்துக்கொண்ட குழு இப்பகையை எங்கு நடத்துகிறது? கேட்பவனின் அகத்திலே. அங்கே வெற்றி எளிது, எதிரி எவருமில்லை. முதலாளி தொழிலாளி என்னும் இருமையும் மேற்குலம் கீழ்க்குலம் என்னும் இருமையும் மாயை என்று தள்ளப்படும்போது அவை அழிவதில்லை, பாதுகாப்புப் பெறுகின்றன. காணாமல் விடுவதைக் கடந்துவிட்டதாக எண்ணுவதே இக்கலையின் அடிப்படைப் பிழை. இசையிலே இத்துணை சினம். அச்சினம் எவன் மீது என்று கேட்டால் விடையில்லை. இலக்கில்லாத சினம் நாளடைவிலே அலங்காரமாகிவிடும்.

ஒப்பீட்டுக்காகச் சென்னையிலே தோன்றிய இன்னொரு குழுவைக் குறிப்பிடுவோம். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ற்லெஸ் கலெக்ரிவ்’, 2018 சனவரியிலே முதன்முதலாக மேடையேறியது. கன உலோகக் குழு அன்று அது. ஆயின் மின்கிற்றாரையும் பறையையும் வடசென்னைக் கானாவையும் ஒரே மேடையில் நிறுத்தி, சாதியையும் இடஒதுக்கீட்டையும் பற்றித் தெருத் தமிழிலே பாடியது. மந்திரம் ஓதும் சந்தத்தை ‘ருத்ரா’ ஆராய்ந்த அளவுக்கு நுட்பம் அங்கு இல்லை என்று இசையறிந்தோர் சிலர் கூறலாம். எனினும் அக்குழுவின் சினத்துக்கு முகவரி உண்டு. நுட்பமும் முகவரியும் ஒருங்கே அமையும் நாளைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம்.

இனி எமது மாணவருக்குச் சில சொற்கள். இரவல் உருவத்தை எடுப்பதிலே வெட்கப்பட ஏதுமில்லை. வல்வெட்டித்துறையின் ஓடாவிகள் மேலைத்தேயப் பாய்க்கப்பலின் அமைப்பைக் கண்டு கற்று, எமது கரையிலேயே கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் இருபாய்மரக் கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, எமது ஊர் மாலுமிகளையே கொண்டு கடல்களைக் கடந்து 1938 ஆகஸ்டிலே அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. வடிவம் அவர்களுடையது, கட்டிய கையும் ஓட்டிய கையும் எம்முடையவை. கலையிலும் இது இயலும். கப்பலை இரவல் வாங்கலாம். போகுமிடத்தை இரவல் வாங்கலாகாது.

பேரொலிக்கும் எமக்குப் பஞ்சமில்லை. தைப்பொங்கல் நாளிலே எமது கடற்கரையில் ஏறும் பெரும் பட்டங்களின் முதுகிலே பூட்டிய விண் இரவெல்லாம் கூவுவதை அறியாதார் யார்? காற்றையே மின்சாரமாகக் கொண்ட இசைக்கருவி அது. தவிலும் பறையும் அடிக்கும் அடியிலே எந்த ஒலிபெருக்கியும் தோற்கும். ஆயின் இங்கும் எச்சரிக்கை வேண்டும். பறையை வெறும் ‘நாட்டார் ஒலி’யாக எடுத்து மேடையிலே சேர்த்துக்கொள்வதும் இன்னொரு கொள்ளையே. மரண வீட்டிலே பறையடிக்க மறுத்ததே போராட்டமாக இருந்த காலம் எமது மண்ணிலே இருந்தது. அக்கருவியிலே தாளத்தோடு அவமானமும் கட்டப்பட்டிருக்கிறது. அதனைத் தொடுபவன் அந்தச் சரித்திரத்தையும் தொட வேண்டும்; அதனை அடித்தவனின் பிள்ளையைச் சமமாக அருகிலே அமர்த்திக்கொள்ள வேண்டும்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். மாணவன் கேட்கும் இசையை ஒருமுறை அவனோடு சேர்ந்து கேளுங்கள். பேர்மிங்ஹாம் தகட்டாலையின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். தன் காதிலே ஒலிப்பது அறுபட்ட விரலின் ஒலி என்று அறிந்தவன், தன் ஊரிலே அறுபட்ட விரல்கள் எவை என்று தேடத் தொடங்குவான். வகுப்பறைப் பாடத்தால் ஆகாதது அந்தத் தேடலினால் ஆகும்.

‘ருத்ரா’ பற்றிய எமது தீர்ப்பைச் சுருங்கக் கூறின்: இரவற் சாத்தானை மறுத்த துணிவும், உருவத்தை முதிரச் செய்த உழைப்பும், தத்துவத்தைப் பொழுதுபோக்காகக் கொள்ளாத நேர்மையும் அக்குழுவுக்கு உண்டு. தமிழ் வம்சாவளியினர் எவ்விசையையும் தமதாக்கிக்கொள்ள முடியும் என்பதை அது நிறுவியுள்ளது. ஆயின் அது தமதாக்கிக்கொண்ட மரபு, தன் மூதாதையரான உழைப்பாளிகளின் மரபன்று. அது வென்றதாகக் கூறும் இருமை, உழைப்பாளிகளை நசுக்கும் இருமையும் அன்று. புயலின் தெய்வத்தின் பெயரைச் சூடிய இசை, கூரை பறந்தவனின் குடிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பணி இன்னும் எஞ்சியுள்ளது. அதனை ஆற்றப்போகும் இசை சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதியிலிருந்து எழலாம். சென்னையின் குடிசைப் பகுதியிலிருந்து எழலாம். மின்சாரம் மீண்டு வந்துவிட்ட எமது குடாநாட்டுத் தெருவொன்றிலிருந்தும் எழலாம். அது எத்துணை உரத்து ஒலித்தாலும் நாம் காதைப் பொத்திக்கொள்ள மாட்டோம். அது எவருக்காக ஒலிக்கிறது என்பதை மட்டும் தவறாது கேட்போம்.